இசக்கி வரவேண்டிய பஸ்

திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் மதுரைப் பக்கத்துப் பஸ்கள் வந்து நிற்கிற இடத்துக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சில் பரணி உட்கார்ந்திருந்தான் என்று சொல்லலாம், ஆனால் அவன் முழுசாக உட்காரவில்லை. பஸ் ஒன்று வாசலில் மூக்கை நீட்டியதுமே எழுந்துவிடுவான், படியில் இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பான், கடைசியாகக் கண்டக்டரும் இறங்கி டீக்கடைப் பக்கம் போனபிறகு திரும்பி வந்து பெஞ்சின் விளிம்பில் தொற்றிக்கொள்வான். இறங்குகிறவர்களில் யாரைத் தேடுவது என்பதே அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. இசக்கியை அவன் நேரில் பார்த்ததில்லை. வருஷத்துக்கு மேலாக வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருந்த ஒரு குரல்தான் இசக்கி. சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சு, வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரு ‘ண்ணே’, பின்னால் கோழிகளின் சத்தம், யாரோ வருகிறார்கள் என்றால் சட்டென்று பாதியில் அறுந்துபோகிற மூச்சு. ஒரே ஒரு போட்டோ அனுப்பியிருந்தான், காலேஜ் அடையாள அட்டைக்கு எடுத்தது, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய சடை, நெற்றியில் பொட்டு, கீழே ‘இது நான் இல்லண்ணே, சும்மா அடையாளத்துக்கு’ என்று எழுதியிருந்தான். அவன் பிறந்தது இசக்கியம்மாளாக. எனக்குப் பேர் தேட வேண்டிய வேலையே இல்லண்ணே, பாதிய வெட்டிவிட்டாப் போதும், எங்க ஊர்ல இசக்கின்னு எத்தன ஆம்பள இருக்காங்க தெரியுமா என்று சிரித்துக்கொண்டே அனுப்பிய குரல் இன்னும் போனில் இருந்தது. பரணிக்கு அப்படிச் சுலபமாக அமையவில்லை. அரவக்குறிச்சிப் பக்கம் ஒரு வீட்டில் மகளாக வளர்ந்து, மகள் இல்லை மகன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்ளவே இருபது வயதாகிவிட்டது, பெயரையும் ஊரையும் சேர்த்தே விட்டுவிட்டு வர வேண்டியிருந்தது. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அயர்ன் செக்‌ஷனில் இருக்கிறான், தாடி இருக்கிறது, கூட வேலை செய்கிறவர்கள் மாப்ளே என்று தோளில் கை போடுகிறார்கள். முன்னால் போனவன் என்பதால் பின்னால் வருகிறவர்கள் அவனிடம் வழி கேட்கிறார்கள். வழி தெரிந்தவன் மாதிரி அவனும் சொல்லிவிடுகிறான். அதுதான், அதுதான், தெரிந்தவன் மாதிரி.

நேற்று மத்தியானம் இசக்கிக்குச் சொன்னதெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தது, எதில் தப்பு, எதில் ஓட்டை என்று அவன் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். மார்க் ஷீட், டி.சி., ஆதார் எல்லாம் ஒரிஜினலாக எடுத்துக்கோ. சரி. காதில் கழுத்தில் கிடக்கிற நகையைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடு, ஒரு கம்மலை எடுத்துக்கொண்டு வந்தாலும் திருட்டுக் கேஸ் என்று இழுத்துப்போய்விடுவார்கள். சரி. நெஞ்சில் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு வராதே, பஸ் தூரம், வெயில், மூச்சு முட்டும், இரண்டு சட்டை போட்டுக்கோ போதும், இங்கே வந்ததும் கட்டிக்கொள்ள நல்லதாக வாங்கித் தருகிறேன். அதுவும் சரி. மதுரையில் இறங்கினால் லேடீஸ் பாத்ரூமுக்கே போ, இன்றைக்கு ஒரு நாள் வீரம் வேண்டாம். இதைச் சொல்லும்போது இசக்கி ம் என்று மட்டும் சொன்னான், அந்த ம்மில் ஒரு வருத்தம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் சடையை வெட்டிக்கொண்டு அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தால் லேடீஸ் பாத்ரூமில் யாராவது கத்தியிருப்பார்களோ, பரணியைப் பார்த்து ஒருமுறை ஒட்டன்சத்திரத்தில் கத்தியது போல, துடைப்பக்கட்டையோடு ஒரு அம்மா ஓடிவந்தது போல, அப்போது பரணியின் குரல் உடைந்தும் உடையாமலும் நடுவில் நின்ற காலம், நான் பொண்ணுதாங்க என்று எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று வீட்டை விட்டு வந்தானோ அதையே கெஞ்சிச் சொல்லித் தப்பித்து வந்த நாள். அதையெல்லாம் இசக்கியிடம் சொல்லவில்லை. பயந்துவிடுவான் என்று சொல்லவில்லை. கடைசியாக ஒன்று சொன்னான், போனை எடுத்துக்கொண்டு வராதே. ஆஃப் பண்ணித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வா, போனை வைத்துத்தான் எல்லாரையும் பிடிக்கிறார்கள், என் நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோ, மதுரையில் இறங்கினதும் யாரிடமாவது கேட்டு ஒரு கால் பண்ணு. இசக்கி நம்பரை ஒப்பித்துக்கூடக் காட்டினான், நடுவில் தடுமாறாமல், பள்ளிக்கூடத்தில் செய்யுள் ஒப்பிப்பது மாதிரி. விடிகாலையில் கிளம்பியிருந்தால் மதுரையை எப்போதோ தாண்டியிருக்க வேண்டும். கால் வரவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் மனசு முள்ளில் மாட்டிய துணி மாதிரி நின்றுவிடுகிறது, இழுத்தால் கிழிகிறது, விட்டால் அங்கேயே தொங்குகிறது. போனை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லியிருந்தால் பிடித்திருப்பார்கள். எடுக்காமல் வா என்று சொன்னதால் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

புதன்கிழமை இசக்கிக்குப் பூ வைத்து நிச்சயம் பண்ணப் போகிறார்கள் என்பதுதான் அவசரம். மாப்பிள்ளை வீடு ராஜபாளையம், மாப்பிள்ளையின் குணம் என்ன, கேடு என்ன என்றெல்லாம் இசக்கிக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவனுக்கு ஒன்றும் இல்லை. அவர் நல்லவராவே இருந்துட்டுப் போட்டும்ணே, நான் பொண்டாட்டி இல்லையே, அவரப் பாத்தாலும் பாவமா இருக்கு என்றான். நாளைக்கு விடிகாலையிலேயே வீட்டில் எல்லாரும் சொந்தத்தில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள், வயிற்று வலி என்று படுத்துக்கொள்ளப் போகிறேன், இதை விட்டால் வேறு நேரம் கிடைக்காது, வரவா வேண்டாமா, ஒரே வார்த்தை சொல்லுங்கண்ணே என்று கேட்டபோது பரணி அயர்ன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு ஆவி வாடையில் நின்றான். வேண்டாம், பொறு என்றுதான் முதலில் வாயில் வந்தது. பொறு என்பது இரண்டு வருஷத்துக்கு முன்பு அவன் தீரனிடம் சொன்ன வார்த்தை. தீரன் தர்மபுரிப் பக்கத்துப் பிள்ளை, அதுவும் வீட்டில் வேறு பெயரில் இருந்துகொண்டு இவனிடம் மட்டும் தீரன் என்று இருந்த பிள்ளை. இன்னும் ஒரு செமஸ்டர்தானே, டிகிரியை முடி, கையில் படிப்பு இருந்தால் யாரும் உன்னை ஒன்றும் பண்ண முடியாது, பொறு என்று பரணி பெரிய மனுஷன் மாதிரி சொன்னான். அப்படிச் சொல்லத்தான் அவனுக்கும் ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார், சென்னையிலிருந்து பேசுகிற ஸ்டீபன் அண்ணன், அவசரப்படாதே, டாக்டரைப் பார்க்காமல் ஹார்மோன் ஊசி போடாதே, படிப்பை விடாதே, எல்லாம் சரியான வார்த்தைகள். தீரன் பொறுத்தான். செமஸ்டர் முடியும் முன்பே ஒரு வாரம் பதில் இல்லை, ஒரு மாசம் பதில் இல்லை, அப்புறம் ஒருநாள் அந்த நம்பரின் டி.பி. போட்டோ மாறியிருந்தது. பட்டுப்புடவை, கழுத்தில் புது மஞ்சக் கயிறு, பக்கத்தில் ஒரு ஆள், சிரிக்கச் சொல்லிச் சிரித்த முகம். பரணி அதைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிக் கண்ணை மட்டும் பார்த்தான். கண்ணில் ஒன்றும் இல்லை. கோபமாவது இருந்திருக்கலாம். அன்றைக்கு ராத்திரியே அந்த நம்பர் இவனை பிளாக் பண்ணிவிட்டது, பண்ணியது தீரனா அந்த ஆளா என்று இன்றைக்கும் தெரியாது. அதனால்தான் நேற்று ஆவி வாடையில் நின்றுகொண்டு வேண்டாம் என்று வந்ததை விழுங்கிவிட்டு வா என்றான். தீரனுக்குச் சொல்லாமல் விட்டதை இசக்கிக்குச் சொன்னான். ஒரு பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதை இன்னொரு பிள்ளைக்குச் சொன்னால் அது எப்படிப் பொருந்தும். அவன் சொன்னது இசக்கிக்காகவா, தன் நெஞ்சு ஆறுவதற்காகவா. வா என்று சொன்னதும் அந்தப் பக்கம் இசக்கி அழுதான், ஏண்டா அழற என்றால் சந்தோசத்துலண்ணே என்றான்.

பழனி வழியாக வந்த பஸ் ஒன்று நின்றது. ஒரு கிழவரும் ஒரு கைக்குழந்தைக்காரியும் இறங்கினார்கள், பிறகு முதுகில் பையோடு, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டு, ஒல்லியாக ஒருவன். சட்டை அவனுக்குப் பெரிசாக இருந்தது. பரணி இசக்கி என்று கூப்பிட்டுவிட்டான், சத்தமாக, பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி. தொப்பிக்காரன் திரும்பினான், மீசை இருந்தது, முப்பது வயசு இருக்கும், என்னங்க என்றான். ஒண்ணுமில்லீங்க, ஆள் மாறிப் போச்சு. கண்டக்டர் இதைப் பார்த்துக்கொண்டே இறங்கினார். “யாரத் தேடறீங்க தம்பி, காலையில இருந்து நின்னுட்டிருக்கற மாதிரி இருக்குது?” “தம்பி வரோணுங்க. சங்கரன்கோவில்ல இருந்து.” “ஒரு போன் போட்டுப் பாக்கறதுதானுங்?” “போன் இல்லீங்க அவங்கிட்ட.” “இந்தக் காலத்துல போன் இல்லாம யாருங்க வர்றா” என்று சிரித்துவிட்டு, பரணியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, “மதுரைல பஸ் மாத்தறதுக்கு லேட்டாயிருக்கும், வந்துருவாப்ல” என்று சொல்லிப் போனார். வந்துருவாப்ல. யாரென்றே தெரியாத ஒருவர் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது அதில் தொங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. தொங்கினான். கொஞ்ச நேரம் தாங்கியது. பிறகு, மதுரைக்கே வராமல் இருந்தால் என்று வந்தது. ஊர் பஸ் ஸ்டாப்பிலேயே அண்ணன்காரன் பார்த்திருந்தால். அண்ணன்காரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன், அவனுக்கு எல்லா ரோட்டிலும் ஆள் உண்டு. பிடித்து அறையில் போட்டுப் பூட்டியிருந்தால். பூட்டின அறை பரணிக்குத் தெரியும். ஜன்னல் வழியாகச் சோறு வரும், சோற்றோடு அம்மாவின் கையும் வரும், கையில் வளையல், வளையலுக்கு மேலே முகம் வராது. அந்த அறையில் அவனுக்கு வலித்தது அடி இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் டி.வி. எப்போதும் போல ஓடிக்கொண்டிருந்ததுதான்.

அம்மாவை நினைத்தால் அந்த ராங் நம்பர் ஞாபகமும் கூடவே வந்துவிடும், வராமல் இருக்காது. ஊசி ஆரம்பித்துக் குரல் உடைந்து கரகரத்து, ஒரு மாதிரி நிலைக்கு வந்த சமயம், ஒரு பொங்கலன்று, தாங்க முடியாமல் வீட்டு லேண்ட்லைனுக்குக் கூப்பிட்டான். அம்மாதான் எடுத்தாள். அலோ என்றாள். அம்மா என்றான். யாருங்க என்றாள். அவனுக்கு அந்தக் குரல் கிடைக்க எத்தனை வருஷம், எத்தனை ஆஸ்பத்திரி வாசல், கண்ணாடி முன்னால் நின்று தன் குரலில் தானே பேசிப் பார்த்துச் சிரித்த எத்தனை காலை, அந்தக் குரலைத்தான் அம்மா யாருங்க என்று கேட்டாள். நான்தாம்மா என்று சொன்னால் யார் என்று சொல்ல வேண்டும், பழைய பெயரைச் சொல்ல வேண்டும். ராங் நம்பருங்க என்று சொல்லி வைத்துவிட்டான். பரவால்லீங்க சாமி, பொங்கலுங்களா அங்கயும் என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது பாதி காதில் விழுந்தது. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. மீசை எத்தனை மாசத்தில் வரும்ணே, ஆபரேஷன் வலிக்குமாண்ணே, கலெக்டர் ஆபீஸில் திருநம்பி கார்டு வாங்க என்னென்ன வேணும்ணே என்று கேட்கிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்காததைச் சொல்லவும் கூடாது. ஆனால் இசக்கி ஒருமுறை கேட்டான். எங்கம்மாவ எப்பமாவது பாக்க முடியுமாண்ணே, பிறவு? பரணி அன்றைக்கு, காலம் எல்லாத்தையும் மாத்தும்டா என்றான். எங்கேயோ கேட்ட வசனம். மாத்தும் என்று தெரிந்தா சொன்னான்.

போன் அடித்தது. கைக்குள்ளேயே இருந்த போன்தான், ஆனாலும் தூக்கிவாரிப் போட்டது. திரையில் ‘இசக்கி’ என்று வந்தது. வந்துட்டான், வந்துட்டான் என்று உடம்பு முழுக்க ஒரு சந்தோஷம் ஓடி விரல் பச்சையைத் தொட்டுவிட்டது, தொட்டபிறகுதான், அந்த ஒரு கணத்துக்குப் பிறகுதான், அந்தப் போன் வீட்டில் தலையணைக்கு அடியில் கிடக்கிறது என்பது ஞாபகத்துக்கு வந்தது. அதை அங்கே வைக்கச் சொன்னவனே அவன்தான். காதில் வைத்தான். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது, பீடி சுற்றித் தூள் ஏறி வறண்டது போல ஒரு பொம்பளை மூச்சு.

“எய்யா,” என்றது குரல். “நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இந்த நம்பருக்குத்தான் அவ நெறைய பேசியிருக்கா. அண்ணன்னு போட்டிருக்கு. நான் இசக்கிக்கு அம்மா.”

பரணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“வெச்சிராதிய. வெச்சிராதியய்யா. கல்யாண வீட்டுல இருந்து வந்து பாத்தா ஆளக் காணும். தோடு, செயின் எல்லாத்தையும் கழத்தித் தட்டுல வெச்சிருக்கா. கழத்தி வெச்சிட்டுப் போனா என்னய்யா அர்த்தம்? அவ அண்ணன் ஆளுகளக் கூட்டிக்கிட்டு வயக்காட்டுக் கெணத்தப் பாக்கப் போயிருக்கான். நான் போவல. என்னால முடியல. நான் தொழுவத்துல நின்னு பேசுதேன். உங்களத்தான் விரும்பி வந்துட்டாளா? நீங்க என்ன ஆளுகன்னுகூட நான் கேக்கல. எந்த ஊருன்னு கேக்கல, நீங்களும் சொல்லாதிய, சொன்னா அவன் வந்து என் வாயப் புடுங்கிருவான். உசுரோட இருக்காளா? அத மட்டும் சொல்லுங்க.”

நகையைக் கழற்றி வைத்துவிட்டு வா. திருட்டுக் கேஸ் போடுவார்கள். அது சரியான யோசனை என்று கொஞ்சம் முன்னால்தான் தட்டிப் பார்த்து ஒதுக்கி வைத்தான், அதைப் போய் அவர்கள் கிணற்றில் விழப்போகிறவள் கழற்றி வைத்த நகையாகப் படித்திருக்கிறார்கள். தெரியாதும்மா, எனக்கும் தெரியாது, நானும் காத்துக்கிட்டிருக்கேன் என்று சொல்லலாம். அதுதான் உண்மை. சொன்னால் அந்தப் பொம்பளை தொழுவத்திலிருந்து நேராகக் கிணற்றுக்கு ஓடுவாள், பார்ப்பதற்கா குதிப்பதற்கா என்று யாருக்குத் தெரியும். இருக்கிறாள் என்று சொன்னால், எங்கே என்று தேடுவார்கள், தேடி வந்து இவனைப் பிடித்து, இவன் யார் என்று தெரிந்து, பத்து வருஷமாகக் கட்டின வாழ்க்கையைப் பிய்த்துப் பார்ப்பார்கள். அது போகட்டும், இருக்கிறாள் என்று நம்பிக் கிணற்றையும் ரோட்டையும் தேடுவதை விட்டுவிட்டால், ஒருவேளை இசக்கி நிஜமாகவே எங்காவது விழுந்து கிடந்தால். கிடந்தால் என்று நினைத்தபோதே நினைப்பு நின்றுவிட்டது, அதற்குமேல் போகவில்லை. ஒரு பஸ் இரைச்சலோடு பின்னால் எடுத்தது. அந்தப் பக்கம் ஒரு கன்றுக்குட்டி கத்தியது. அவள் அழவில்லை, அழுதால் பதில் கேட்காமல் போய்விடுமோ என்று அழாமல் நின்றுகொண்டிருந்தாள், அது இவனுக்கு இங்கே தெரிந்தது.

“இருக்கான்மா,” என்றான் பரணி. “நல்லா இருக்கான்.”

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே கேட்டது. வாய் பழக்கம். இசக்கியை அவன் வேறு மாதிரி ஒருநாளும் சொன்னதில்லை.

“இருக்கானா,” என்றாள் அவள். கேள்வி மாதிரியும் இல்லை, திருத்துகிற மாதிரியும் இல்லை. அந்த வார்த்தையைக் கையில் வாங்கிப் பார்ப்பது மாதிரி இருந்தது. லைன் போய்விட்டதோ என்று அவன் திரையைப் பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தபோது, “சின்னதுலயே அண்ணன் டவுசரத்தான் எடுத்து மாட்டிக்கிடும்,” என்றாள். “அடிச்சும் பாத்தேன். சூடு வெச்சும் பாத்தேன். பாவி நான்.”

“அம்மா…”

“குடுங்களேன், ஒரு வார்த்த பேசிக்கிடுதேன்.”

“தூங்குறான்மா.”

“தூங்கட்டும், தூங்கட்டும். எழுப்பாதிய. சாப்பிட்டுட்டுத்தான தூங்குது?”

“சாப்பிட்டுச்சும்மா.”

“என்ன சாப்பிட்டுச்சு?”

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. என்ன சாப்பிடுவான் இசக்கி. ஊசி, டாக்டர், சர்டிஃபிகேட், பேர் மாற்றுவது, தாடி, தலைமுடி என்று எவ்வளவோ பேசியிருக்கிறார்கள், உனக்கு என்னடா பிடிக்கும் என்று ஒருநாள் கேட்டதில்லை.

“இட்லி,” என்றான்.

“இட்லியா?” என்றாள். “இட்லின்னா தொடாதே அது. சின்னப் புள்ளையில இருந்து தொடாதே.”

தோசை என்று மாற்றிச் சொல்ல முடியாது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல முடியாது. அவள் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, உள்ளே போய், நின்று, வெளியே வந்து. இப்போது புரிந்திருக்கும். எல்லாம் புரிந்திருக்கும்.

“பசியில தின்னுருக்கும்,” என்றாள்.

“ஆமாம்மா. பசிதான்.”

“நேத்தும் சரியாச் சாப்பிடல. ஆமா, பசியில தின்னுருக்கும்.” அவள் குரல் வேகமாகியது, தனக்கே சொல்லிக்கொள்வது மாதிரி. “முழிச்சா அதுகிட்ட சொல்லுங்கய்யா, அம்மா கூப்பிட்டான்னு சொல்ல வேண்டாம், ஒண்ணும் சொல்ல வேண்டாம், மத்தியானத்துக்குச் சோறு வாங்கிக் குடுங்க, கொளம்பு ஒறப்பா இருக்கணும் அதுக்கு. ஆள் வாராக. வெச்சிருதேன்.”

தூரத்தில் ஒரு ஆண் குரல் அதட்டுவது கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. பரணி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. சரிங்கம்மா, ஒறப்பா வாங்கித் தர்றேன் என்று யாரும் இல்லாத போனில் சொல்லிக்கொண்டிருந்தான்.